எரிமலையைச் சுற்றிய கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் புரோமோ, பாத்தூர், மெராப்பி என்ற இந்தோனேசிய எரிமலைகளின் பெயர்கள் மாறி மாறி வரும். கூடவே யாராவது ஓர் எரிமலையின் அபாய வரைபடத்தை அனுப்பிவைப்பார்கள். நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் இந்தோனேசிய மொழியில் குறிப்பு. "தம்பி, நீ வரைபட வேலை பார்க்கிறவன்தானே, இதில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்" என்று கேட்பார்கள். நான் எரிமலை வல்லுநன் அல்லன். நிலவரைபடம் தயாரிப்பது என் பிழைப்பு. எரிமலை வரைபடங்களைப் படிப்பது அதோடு ஒட்டிக்கொண்ட பைத்தியம். ஒரே கேள்விக்குப் பத்து முறை பதில் தட்டிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூரில் எரிமலையே இல்லையே, நமக்கு இது எதற்கு?

இங்கே இல்லை, உண்மைதான். ஆனால் மேற்குச் சுமத்ராவின் மாராப்பி நம்மிடமிருந்து நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. வட சுமத்ராவின் சினாபோங் சுமார் 630 கி.மீ. இந்தோனேசியாவில் மட்டும் செயல்படும் எரிமலைகள் 127. நாம் விடுமுறைக்குப் போகும் ஊர்களில் பாதி ஏதோ ஒரு எரிமலையின் மடியில் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சிங்கப்பூர்ப் புவி ஆய்வகத்தில் எரிமலைகளுக்கென்றே ஒரு குழு வேலை செய்கிறது. எரிமலை இல்லாத நாடு என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த பணிப்பெண் கிழக்கு ஜாவாவில் கெலுட் மலைக்குத் தெற்கே உள்ள பிளித்தார்ப் பக்கத்தவர். 2014 பிப்ரவரியில் கெலுட் வெடித்தபோது அவருடைய பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். மறுநாள் காலை அவரிடம், "உங்கள் ஊர் மலையிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். அவர் தூரம் சொல்லவில்லை. காய்கறி வாங்கிய ரசீதைத் திருப்பிப்போட்டு முதலில் ஓர் ஆற்றை வரைந்தார். பிறகு அதற்கு ஒரு கிளை. பிறகு தன் வீட்டை ஒரு புள்ளியாக ஆற்றுக்கு இந்தப் பக்கம் வைத்தார். மலையைக் கடைசியாகத்தான் வரைந்தார், அதுவும் ஒரு சின்ன முக்கோணமாக. கற்றவர்கள் போடும் அபாய வரைபடத்தின் சாரம் முழுவதும் அந்த ரசீதின் பின்புறத்தில் இருந்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதும் அதைத்தான்.

சரி, அபாய வரைபடத்தில் உண்மையில் என்ன வரைந்திருக்கிறார்கள்?

ஒரே தாளில் இரண்டு விதமான வடிவங்கள் இருக்கும். ஒன்று வட்டம். மற்றொன்று விரல் விரலாக நீளும் வண்ணப் பகுதி. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம்.

வட்டம் மேலிருந்து விழும் பொருள்களுக்கானது. எரிமலை வாய் கற்களை வீசும்போது அவை பள்ளம் மேடு பார்த்து விழுவதில்லை. பெரிய கற்கள் பொதுவாகச் சில கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்ணிய சாம்பல் காற்று இழுக்கும் பக்கம் போகும். ஆகவே வீசப்படும் கற்களுக்கு வாயை மையமாக வைத்து வட்டம் போடுவது நியாயம்.

விரல்கள் ஓடி வரும் பொருள்களுக்கானவை. எரிமலைக் குழம்பு, சுடுமேகம், சேற்றுவெள்ளம் ஆகிய மூன்றும் பள்ளம் தேடிப் போகும். வாழை இலையில் சோற்றைக் குவித்து நடுவில் குழி செய்து ரசம் விட்டால் என்ன ஆகிறது? கரை உடையும் இடம் ஒன்று இருக்கும்; ரசம் அந்த வழியாக இறங்கி, நரம்பு காட்டும் பக்கம் ஓடி, உங்கள் மடியில் விழும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இருவரும் சோற்றுக் குவியலிலிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

சுடுமேகம் என்று நான் சொல்வதை இந்தோனேசியர்கள் 'அவான் பானாஸ்' என்கிறார்கள். பானாஸ் என்றால் சூடு என்று நம்மில் எல்லாருக்கும் தெரியும். சில நூறு பாகை வெப்பத்தில் சாம்பல், கல், வாயு எல்லாம் கலந்து தரையோடு தரையாகப் பாயும் மேகம் அது. காரில் தப்பலாம் என்று கணக்குப் போட முடியாத வேகம். மெராப்பி அடிவாரத்து ஜாவா மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வெதுஸ் கெம்பெல்', சடை விழுந்த செம்மறியாடு. மலையிலிருந்து மந்தை இறங்குவதைப் போலத் தெரியுமாம். இவ்வளவு சாதுவான பெயரை இவ்வளவு கொடிய பொருளுக்கு வைத்தவர்கள் அதை அடிக்கடி பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வடிவங்கள் தவிர, செய்தியில் வரும் "5 கி.மீ.க்குள் போகக்கூடாது" என்பது மூன்றாவது சங்கதி. அது வரைபடமன்று, அன்றைய நிலைமையைப் பார்த்து அதிகாரிகள் இடும் கட்டளை. மலையின் பழக்கத்தை வரைபடம் சொல்கிறது, இன்றைய மனநிலையைக் கட்டளை சொல்கிறது. வரைபடம் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். கட்டளை ஒரே நாளில் இரண்டு முறைகூட மாறும்.

எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பாதுகாப்பு?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேள்வியே தவறு என்று சொன்னால் கோபப்படுகிறார்கள். அதனால் ஒரு கதை.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்று ஒரு பனி மூடிய எரிமலை. அதன் வாயிலிருந்து ஆற்றுவழியாக 74 கி.மீ. கீழே அர்மேரோ என்ற ஊர். நம் தீவின் கிழக்கு மேற்கு நீளமே சுமார் 50 கி.மீ.தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மலை வெடித்தது. பெரிய வெடிப்பன்று. ஆனால் சூடு பட்டுப் பனி உருகிச் சாம்பலோடும் மண்ணோடும் சேர்ந்து ஆறுகளில் இறங்கியது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அர்மேரோ சேற்றுக்குள் போனது. இறந்தவர்கள் மொத்தம் 23,000 பேருக்கு மேல்.

இதில் என்னை உறங்கவிடாத விவரம் ஒன்று உண்டு. அபாய வரைபடம் அதற்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபரில், வந்துவிட்டது. அர்மேரோ சேற்றுவெள்ளத்தின் பாதையில் இருப்பதை அது சரியாகக் காட்டியது. ஊரே 1845ஆம் ஆண்டின் சேற்றுவெள்ளம் விட்டுப்போன மண்ணின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. வரைந்தவர்கள் தவறவில்லை. இரண்டரை மணி நேரமும் இருந்தது. தாளில் இருந்த கோடு வீட்டுக் கதவைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆற்றின் கரையில் 74 கி.மீ. போதாது. அதே மலையில் ஆற்றிலிருந்து விலகிய உயரமான முகட்டில் அதில் பாதித் தூரமே தாராளமாக இருக்கலாம். ஆகவே தூரத்தைக் கேட்காதீர்கள், "நான் நிற்கும் பள்ளத்தின் மேல்முனை எங்கே போய்ச் சேர்கிறது?" என்று கேளுங்கள். இங்கே நம் புளோக்குக்குக் கீழே ஓடும் லோங்காங்கை, அதாவது வடிகாலைப் பாருங்கள். வெயிலில் எலும்பாய்க் காய்ந்து கிடக்கும். புக்கிட் தீமா பக்கம் மழை கொட்டினால் நம் தலையில் ஒரு துளி விழாமலேயே அது நிரம்பி ஓடும். சேற்றுவெள்ளமும் அப்படித்தான். ஜாவா மொழிச் சொல்லான 'லஹார்' உலகம் முழுவதும் அதற்குப் பெயராகிவிட்டது. அதற்கு வெடிப்புகூடத் தேவையில்லை. பழைய சாம்பலும் ஒரு நல்ல மழையும் போதும். 2024 மே 11 இரவு சுமத்ராவின் மாராப்பியில் நடந்தது அதுதான். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளூர் மினாங் மக்கள் அதைக் 'கலோடோ' என்று தனிப் பெயரிட்டு அழைக்கிறார்கள்.

இந்தக் கோடுகளை எப்படிப் போடுகிறார்கள்? மலையைப் பார்த்து ஊகிக்கிறார்களா?

முதல் கருவி மண்வெட்டி. மலையைச் சுற்றிக் குழி தோண்டுவார்கள். சாலைக்காக வெட்டிய சரிவுகளைச் சுரண்டுவார்கள். ஒவ்வொரு வெடிப்பும் தன் படிவை ஒன்றின் மேல் ஒன்றாக விட்டுப்போயிருக்கும். எங்கே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, ஒரே கனமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் அந்தச் சாம்பல் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு போனது என்று தெரியும். படிவுக்குள் எரிந்த மரக்கரி சிக்கினால் அதன் கார்பனை அளந்து வயதைச் சொல்லிவிடலாம். எழுத்து இல்லாத காலத்து வரலாற்றை இப்படித்தான் படிக்கிறார்கள்.

அடுத்து நில உயரங்களின் கணினி மாதிரி. சுடுமேகத்துக்கு ஒரு பழைய எளிய கணக்கு உண்டு. மலையுச்சியிலிருந்து ஒரு சாய்கோட்டைக் கீழ்நோக்கி இழுங்கள். அது தரையைத் தொடும் இடத்தில் பாய்ச்சல் நிற்கும். 2 கி.மீ. இறக்கம் இருந்தால் 8 முதல் 10 கி.மீ. தூரம் ஓடும் என்பது பருமட்டான அளவு. குறுக்கே ஒரு குன்று அந்தக் கோட்டுக்கு மேலே தலைகாட்டினால் அதன் பின்புறம் தப்பிக்கும். கணக்கு அப்படிச் சொல்கிறது. சுடுமேகத்தின் மேல்பகுதி சில நேரம் குன்றைத் தாண்டியும் போகும் என்பதால் இதை அப்படியே நம்புவதில்லை.

சேற்றுவெள்ளத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1998இல் ஒரு முறை தந்தார்கள். 9 எரிமலைகளில் ஓடிய 27 சேற்றுவெள்ளங்களை அளந்து பார்த்தபோது, வரும் சேற்றின் கனஅளவு தெரிந்தால் அது மூடும் பரப்பைச் சொல்லிவிடலாம் என்று கண்டார்கள். சேறு எட்டு மடங்கானால் மூழ்கும் பரப்பு நான்கு மடங்காகும். எவ்வளவு சேறு வரும் என்பது மட்டும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவுகளுக்குக் கணக்கிட்டு ஒன்றின் மேல் ஒன்றாக வரைவார்கள். மஞ்சள் நிறம் ஆற்றோரமாக வால் நீண்டு போவது இதனால்தான்.

மனிதர்கள் கைவைத்தால் வரைபடமும் மாறும். கெலுட் மலையின் வாயில் ஓர் ஏரி இருந்தது. 1919இல் வெடித்தபோது அந்த ஏரி நீர் முழுவதும் சேறாக இறங்கி 5,000 பேருக்கு மேல் கொன்றது. அதன்பின் அன்றைய டச்சு அரசு மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி ஏரியை வடித்துவிட்டது. தண்ணீர் குறைந்ததும் விரல்களும் குட்டையாயின. அந்தப் பேரழிவுக்கு அடுத்த ஆண்டே அங்கே எரிமலைகளுக்கென ஒரு தனித் துறையும் பிறந்தது.

நிறங்களுக்கும் நிலைகளுக்கும் என்ன பொருள்?

இந்தோனேசிய வரைபடத்தில் 'கேஆர்பி' என்று மூன்று எழுத்துகளும் அவற்றோடு ரோமன் எண் 1, 2, 3உம் இருக்கும். பேரிடர் நேரக்கூடிய பகுதி என்று பொருள். மூன்று என்றால் சிவப்பு; அடிக்கடி தாக்கப்படும் இடம், அங்கே குடியிருக்கக் கூடாது. இரண்டு இளஞ்சிவப்பு, பெரிய வெடிப்பில் சுடுமேகம் வரக்கூடும். ஒன்று மஞ்சள்; பெரும்பாலும் சேற்றுவெள்ளம். எண் கூடக்கூட ஆபத்து கூடும். முதல் வகுப்பு டிக்கெட் நினைப்பில் "ஒன்று" என்பதைப் பார்த்து யாரோ மிரண்டதைக் கண்டிருக்கிறேன்.

எச்சரிக்கை நிலை வேறு. நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என நான்கு படிகள். மலாய் தெரிந்த நமக்கு இவை அந்நியமல்ல. வஸ்பாடா என்றால் விழிப்பாயிரு. சியாகா என்றால் ஆயத்தமாயிரு. ஆவாஸ் என்பதை ஜொகூர்ச் சாலைப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே பள்ளத்துக்கு வைக்கிறார்கள், இங்கே மலைக்கு.

இரண்டாம் நிலைதான். ஏறுவதற்குச் சீட்டும் விற்கிறார்கள். போனால் என்ன?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மாராப்பி இரண்டாம் நிலையில்தான் இருந்தது. 2011 முதலே அப்படித்தான். வாயிலிருந்து 3 கி.மீ.க்குள் யாரும் போக வேண்டாம் என்பது எரிமலைத் துறையின் பரிந்துரை. ஆனால் மலையேற அனுமதி தரப்பட்டு வந்தது. அன்று பதிவு செய்து ஏறியவர்கள் 75 பேர். பிற்பகலில் மலை முன்னறிவிப்பில்லாமல் வெடித்தது. 24 பேர் இறந்தார்கள்.

அனுமதி தருவது ஓர் அலுவலகம், கோடு போடுவது இன்னோர் அலுவலகம். சீட்டு என்பது கட்டணம் கட்டியதற்கான அத்தாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஜப்பானின் ஒந்தாக்கே 2014இல் வெடித்தபோது மிகக் கீழான நிலையில்தான் இருந்தது. அங்கே இறந்தோரும் காணாமற்போனோரும் 63 பேர். உள்ளே தேங்கிய நீர் ஆவியாகி வெடிக்கும் இந்த வகை வெடிப்புகள் போதிய அறிகுறி காட்டாமல் வரும். வாயின் விளிம்பில் நிற்பவருக்கு நிலை எண்ணால் பெரிய பயன் இல்லை.

புரோமோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலையில் இருக்கும்போது வாயிலிருந்து 1 கி.மீ. தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம். நாம் எல்லாரும் படியேறி விளிம்பில் நின்று எடுத்துக்கொள்ளும் படம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேதான் இருக்கிறது. நானும் எடுத்திருக்கிறேன். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

வரைபடம் தோற்றுப்போனதே இல்லையா?

உண்டு. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலைக்கு 1978இலேயே நல்ல அபாய மதிப்பீடு இருந்தது. ஆனால் 1980 மே 18 அன்று மலையின் வடபுறமே சரிந்து, வெடிப்பு மேலே போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து, சுமார் 600 சதுர கிலோமீட்டரை அழித்தது. 57 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தடை எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். வடமேற்கில் அந்த எல்லை, மலை ஆபத்தின் வடிவத்தைப் பின்பற்றாமல் ஒரு மர நிறுவனத்தின் நில எல்லையைப் பின்பற்றியது என்பதை ஒரு வரைபடக்காரனாக எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள எரிமலைத் தீவான அனாக் கிராக்காத்தாவ் 2018 டிசம்பர் 22 அன்று இரண்டாம் நிலையில் இருந்தது. தடை 2 கி.மீ. அதன் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. எழுந்த ஆழிப்பேரலை ஜாவா, சுமத்ரா கரைகளில் 400 பேருக்கு மேல் கொன்றது. கரையில் நின்றவர் எவரும் எந்த வட்டத்துக்குள்ளும் இல்லை.

மெராப்பியில் 2010இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அக்டோபர் இறுதியில் 10 கி.மீ. தடை. நவம்பர் முதல் வாரத்தில் அறிகுறிகள் முற்றியபோது 15 கி.மீ., உடனே 20 கி.மீ. நவம்பர் 5 அன்று சுடுமேகம் கெண்டோல் ஆற்றின் வழியாக சுமார் 15 கி.மீ. இறங்கியது. அந்த வெடிப்புக் காலம் முழுவதும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். பழைய வரைபடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பலி பல ஆயிரமாகியிருக்கும்.

மெராப்பிக்குப் போனால் ஜீப் ஓட்டுநர்கள் உங்களைக் காலியாடெமில் ஒரு பதுங்கறைக்கு அழைத்துப் போவார்கள். சரிவுக்குள் புதைத்த கான்கிரீட் அறை, கனத்த இரும்புக் கதவு. சுடுமேகம் வந்தால் ஒதுங்குவதற்கென்றே கட்டியது. 2006 ஜூனில் இருவர் அதற்குள் ஓடித் தஞ்சமடைந்தார்கள். மேகம் அறையின் மேல் வந்து படிந்தது. உள்ளே இருந்த இருவரும் சூட்டில் இறந்தார்கள். உள்ளே போய் நின்றேன். சுவர் ஜில்லென்று இருந்தது. எங்களோடு வந்த ஒரு பையன் கைப்பேசி விளக்கைக் கூரைமேல் அடித்து, "இவ்வளவு தடிமனாக இருக்கிறதே, மாமா?" என்றான். தடிமன் கல்லைத் தடுக்கும். மணிக்கணக்கில் மேலே கிடக்கும் சூட்டை என்ன செய்யும்?

அங்கிருப்பவர்கள் ஏன் இடம் பெயர மாட்டேன் என்கிறார்கள்?

"படிப்பறிவில்லாதவர்கள்" என்று யாராவது தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன்.

சினாபோங்கைப் பாருங்கள். நானூறு ஆண்டுகள் போல உறங்கிய மலை. 1600க்குப் பிறகு வெடித்த பதிவு இல்லாததால் இந்தோனேசியா அதை இரண்டாம் தரத்தில் வைத்திருந்தது. தொடர் கண்காணிப்பு இல்லை. 2010 ஆகஸ்டில் அது விழித்தது. 2014 பிப்ரவரி 1 அன்று தடைப் பகுதிக்குள் போயிருந்தவர்களில் குறைந்தது 14 பேர் சுடுமேகத்தில் இறந்தார்கள். 2016 மே மாதம் இன்னும் 7 பேர். பலர் தங்கள் வயலைப் பார்க்கப் போனவர்கள். எரிமலை மண் பொன் விளையும் மண். முகாமில் சாப்பாடு போடுவார்கள். கடனைக் கட்ட மாட்டார்கள். பறிக்காத காய் அழுகிக்கொண்டிருக்கும்போது, தாளில் இருக்கும் சிவப்பு எத்தனை நாள் ஒருவரைத் தடுக்கும்?

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மலையடிவாரம் காரோ மக்களின் நாடு. அவர்களில் செம்பிரிங் என்ற பெருங்குலத்தின் உட்பிரிவுகள் சிலவற்றின் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா. வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். சுமத்ராவுக்குப் போன தமிழ் வணிகர்களின் தடம் அது என்பது பலரும் சொல்லும் விளக்கம். செய்தியில் "சினாபோங் அகதிகள்" என்று வரும்போது யாரோ எவரோ என்று எனக்குத் தோன்றுவதில்லை.

பயத்தில் தேவைக்கு மேல் இறங்கி வருவதும் நடக்கும். பாலியின் ஆகோங் 2017 செப்டம்பர் 22 அன்று ஆவாஸ் நிலைக்கு உயர்ந்தபோது 9 கி.மீ. வட்டமும், சில திசைகளில் மட்டும் 12 கி.மீ. நீட்சியும் அறிவித்தார்கள். வெளியேறியவர்கள் 140,000 பேருக்கு மேல்; அவர்களில் பெருந்தொகையினர் அந்த எல்லைக்கு வெளியே இருந்த ஊர்க்காரர்கள். ஊருக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மலை வெடித்ததோ நவம்பர் 21இல், நிலை மூன்றுக்கு இறங்கியிருந்தபோது. 1963இல் அதே மலை 1,000 பேருக்கு மேல் கொன்றதை நினைவில் வைத்திருந்த பாட்டிமார் இருந்த ஊர்கள் அவை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாம்பல் சிங்கப்பூருக்கு வருமா? புகைமூட்டம் வருகிறதே?

காட்டுத் தீயின் புகைமூட்டம் தாழ்வான காற்றில் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சுமத்ராவிலிருந்து நேராக நம் சன்னலுக்கு. பெரிய வெடிப்பின் சாம்பல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும், அங்கே அடிக்கும் காற்று வேறு. 2014இல் கெலுட் சாம்பல் மேற்கே போய், 200 கி.மீ. தள்ளியிருக்கும் ஜோக்ஜகர்த்தாவை நரைக்கவைத்தது. ஆகவே "காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது" என்று மாடியில் நின்று சொல்வதில் பயன் இல்லை. வராது என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தபோது விழுந்த சாம்பலை பேராக்கிலும் ஆந்திராவிலும் இன்றும் தோண்டி எடுக்கிறார்கள்.

நடைமுறையில் நமக்கு வரும் தொல்லை விமானத்தில்தான். 1982இல் ஜாவாவின் கலுங்குங் வெடித்தபோது சில வார இடைவெளியில் இரண்டு ஜம்போ விமானங்கள் சாம்பலுக்குள் போய் இயந்திரங்கள் நின்றன; இரண்டாவது சிங்கப்பூர் விமானம். சாம்பல் என்பது அடுப்புச் சாம்பலன்று, பொடித்த கண்ணாடி. இயந்திரச் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். இப்போது நம் வட்டார வானத்துக்கு டார்வினிலுள்ள மையம் சாம்பல் வரைபடம் வெளியிடுகிறது. அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் வரைபடம். 2025 ஜூன் 17 அன்று ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி வெடித்து, இங்கிருந்து பாலிக்குப் போகும் விமானங்கள் ரத்தானது இப்படித்தான். மலையும் பாலியும் வேறு வேறு தீவுகள்.

பயணக் காப்புறுதியை மலை புகையத் தொடங்கிய பிறகு வாங்கினால் பொதுவாகப் பணம் கிடைக்காது. "முன்பே அறிந்த நிகழ்வு" என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

புக்கிட் தீமா எரிமலையா? திருவண்ணாமலை?

புக்கிட் தீமா 164 மீட்டர் கிரானைட் குன்று. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்கடியில் இறுகிய பாறை. அதற்கு அபாய வரைபடம் வேண்டுமானால் குரங்குகளுக்குத்தான் போட வேண்டும்.

திருவண்ணாமலையைக் கேட்பது எங்கள் பெரியம்மா. அக்கினி மலை என்பது தலபுராணம். நிலவியலில் அது மிகப் பழைய பாறை, செயல்படும் எரிமலை அன்று. இந்தியாவில் இன்று குமுறும் எரிமலை அந்தமானில் ஆளில்லாத பாரன் தீவு ஒன்றுதான்.

எந்த வரைபடத்தை நம்புவது?

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். போன ஆண்டு யாரோ அனுப்பிய மெராப்பி வரைபடம் உண்மையில் மாராப்பியுடையது. ஒன்று ஜாவாவில், மற்றொன்று சுமத்ராவில். ஓர் எழுத்துதான் வேறுபாடு. இந்தோனேசியாவுக்கு 'மக்மா இந்தோனேசியா' என்ற அரசுத் தளம் உண்டு. ஒவ்வொரு மலையின் நிலை, அன்றைய பரிந்துரை, அபாய வரைபடம் எல்லாம் அங்கே கிடைக்கும். பிலிப்பீன்ஸுக்கு அந்நாட்டு அரசின் எரிமலை நிறுவனமான 'ஃபிவோல்க்ஸ்'. அங்கே மாயோன் எரிமலையைச் சுற்றி 6 கி.மீ. நிரந்தரத் தடை, மலை அமைதியாக இருந்தாலும் அது நீங்காது. தாளின் மூலையில் ஆண்டு பாருங்கள். வெடிப்புக்குப் பிறகு பள்ளத்தாக்குகள் சாம்பலால் நிரம்பியிருக்கும். அடுத்த முறை வருவது பழைய கரைக்குள் அடங்காது. வெடிப்புக்கு முந்தைய தாளில் இது இருக்காது.

முன்பணம் கட்டிவிட்டோம். விடுதி மஞ்சளில் இருக்கிறது. என்ன செய்வது?

மஞ்சள் என்பதற்காகப் பயணத்தை விட வேண்டாம். ஜோக்ஜகர்த்தா வழியாக ஓடும் கோடே ஆறும் மெராப்பியிலிருந்து இறங்குவதுதான். நகரம் அதோடு வாழ்கிறது. முதலில், விடுதி ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் உயரக் கோடுகளைத் திறந்தால் தெரியும். மழைக்காலமா என்று பாருங்கள். வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். ஒரு பொட்டலம் முகக்கவசம், ஆளுக்கு ஒரு கைவிளக்கு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மூக்குக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் விழுந்தால் லென்ஸ் கண்ணை அறுக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு மேசையில் கேட்காதீர்கள், "கவலைப்படாதீர்கள்" என்பார்கள். வெளியே போய்த் தெருவில் 'ஜாலுர் எவாக்குவாசி' என்று அம்புக்குறியோடு இருக்கும் பலகையைத் தேடுங்கள். வெளியேறும் வழி என்று பொருள். அம்பு காட்டும் பக்கம் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். போகும் வழியில் பாலம் இருக்கிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இருந்தால், இரவில் அதைக் கடக்காமல் மேட்டுக்குப் போக வேறு எந்தச் சந்து இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் கடைச் சீட்டைத் திருப்பிப்போட்டு முதலில் ஆற்றை வரைவார்.